குட்டிப் பெட்டிக்குள் கூடுதல் கார்டு: இடம் இருந்தால் மட்டும் போதுமா?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜ் நடத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள். அறை கேட்டு வருபவர் வாடகைக்கு அடுத்தபடியாக விசாரிப்பது வைஃபை பற்றித்தான். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள். இரவானால் ஊருக்கு வீடியோ கால் போட வேண்டும். ஒரு லைன் படுத்தால் இன்னொன்று தானாக எழ வேண்டும் என்று இரண்டு கம்பெனி இணைப்பு வாங்கி வைப்பார்கள். மாடிக்கு மாடி கேமரா இருக்கும். ரிசப்ஷனில் பில் போட ஒரு விண்டோஸ் கணினியும் இருக்கும்.

இப்படி ஒரு லாட்ஜை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முதலாளி கேட்பது ஒன்றே ஒன்று: "எல்லாம் ஒரே பொட்டில வரணும்பா, கவுண்டருக்குக் கீழ போவணும்." ஃபயர்வால் (இன்டர்நெட்டுக்கும் லாட்ஜுக்கும் நடுவில் நிற்கும் காவல்), பில்லிங், கேமரா பதிவு மூன்றையும் ஒரே சின்னக் கணினிக்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்களாக ஓட்ட முடியும். ஆனால் அந்தச் சின்னக் கணினியின் பின்பக்கம் பார்த்தால் நெட்வொர்க் வயர் குத்த ஒரே ஒரு போர்ட்தான் இருக்கும். இங்கேதான் கூடுதல் கார்டு, அதாவது பெட்டிக்குள் குத்தி போர்ட் போன்றவற்றைக் கூட்டும் பலகை, என்ற பேச்சு வருகிறது. அந்தக் கார்டை எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று இதில் சொல்கிறேன். பெட்டியைத் திறந்து ரேம் மாற்றிய பழக்கம் இருந்தால் போதும்.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி. அதற்கென்று தனியாக ரேம், டிஸ்க், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் உண்டு. இவற்றை மேய்க்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் இப்போது பரவலாக ஓடுவது பிராக்ஸ்மாக்ஸ் விஇ. டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. 2008-இல் முதல் பதிப்பு வந்தது. அதன் அடியில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம் 2007-லேயே லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. பிராக்ஸ்மாக்ஸைக் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். நான் சொல்லும் உதாரணங்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில், கார்டு உண்மையிலேயே வேண்டுமா?

கார்டு வாங்கக் கிளம்பும் பலருக்கு அது தேவையே இல்லை. ஒரே நெட்வொர்க் போர்ட்டை எத்தனை விர்ச்சுவல் மெஷின் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு பிரிட்ஜ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பிராக்ஸ்மாக்ஸை நிறுவும்போதே அது வந்துவிடுகிறது. பில்லிங் கணினிக்கும் கேமரா பதிவுக்கும் இது தாராளம்.

ஃபயர்வாலுக்குத்தான் சிக்கல். இன்டர்நெட் உள்ளே வரும் வயரும் லாட்ஜுக்குள் போகும் வயரும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டு லைன் என்றால் மூன்று போர்ட். இதற்கும் ஒரு வழி இருக்கிறது: விலேன் (ஒரே வயரைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் முறை) தெரிந்த, அமைப்பை நாமே மாற்றக்கூடிய ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கினால், ஒரே வயரில் மூன்று போக்குவரத்தையும் தனித்தனி எண் குத்தி அனுப்பலாம். வேகம் பங்கு போடப்படும், அவ்வளவுதான். ஒரு கிலோ அரிசி மூட்டை அளவு பெட்டியில் கார்டு போட இடமே இல்லாதபோது நான் இதைத்தான் சொல்வேன்.

ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் மாதிரி யூஎஸ்பி சாமான்களுக்கும் கார்டு வேண்டாம். பிராக்ஸ்மாக்ஸில் அந்த யூஎஸ்பி சாதனத்தை மட்டும் தேர்ந்தெடுத்து விண்டோஸ் மெஷினுக்குக் கொடுத்துவிடலாம்.

அப்படியென்றால் எப்போதுதான் கார்டு? மூன்று சந்தர்ப்பம். ஃபயர்வாலுக்கு நிஜமான, தனியான போர்ட்டுகள் வேண்டும் என்கிறபோது. நான்கைந்து ஹார்ட் டிஸ்க்கை ஒரே மெஷினிடம் மொத்தமாக ஒப்படைக்க வேண்டியபோது. ஒரு மெஷினுக்கு கிராபிக்ஸ் பலம் வேண்டும் என்கிறபோது. முதலாவதுதான் அதிகம் பேருக்குப் பயன்படும். மூன்றாவதுதான் அதிகம் பேர் ஆசைப்படுவது.

பெட்டியின் உள்ளே

வேலூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பதால் கம்பெனிகள் கழித்துவிட்ட கணினிகள் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு அளவு முக்கியம்.

ஒன்று, ஒரு தடித்த டிபன் டப்பா அளவுக்குக் கையில் அடங்கிவிடும் மிகச் சின்னப் பெட்டி. இதில் பெரும்பாலான மாடல்களில் கார்டு போட இடமே கிடையாது. விதிவிலக்கு லெனோவோவின் எம்720க்யூ, எம்920க்யூ, எம்920எக்ஸ் போன்ற சில டைனி மாடல்கள். ரைசர் என்ற சின்ன இணைப்புப் பலகையைத் தனியாக வாங்கிப் போட்டால் ஒரு லோ புரொஃபைல் (குட்டை) கார்டு படுத்தவாக்கில் உட்காரும். ஆனால் இரண்டரை அங்குல டிஸ்க் வைக்கும் இடம் போய்விடும், போர்டிலேயே குத்தும் எம்.2 எஸ்எஸ்டி மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொன்று எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லியான டெஸ்க்டாப். பழைய டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க் எல்லாம் இந்த வடிவில் உண்டு. கார்டு குத்தும் ஸ்லாட் குறைந்தது இரண்டு இருக்கும். லாட்ஜ் கவுண்டருக்கு என் ஓட்டு இதற்குத்தான். கொஞ்சம் பெரியது, ஆனால் உள்ளே காற்று போகும், பவர் சப்ளையும் உள்ளேயே இருக்கிறது.

சொந்தமாக அசெம்பிள் செய்பவர்கள் மினி-ஐடிஎக்ஸ் போர்டு வாங்குவார்கள். 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர் சதுரம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்லாட் ஒன்றே ஒன்று.

கார்டு வாங்கும்போது முதலில் கண்ணில் பட வேண்டியது அதன் ஓரத்தில் இருக்கும் தகரப் பட்டை, அதாவது ப்ராக்கெட். சாதாரண ப்ராக்கெட் 12 சென்டிமீட்டர் உயரம். லோ புரொஃபைல் ப்ராக்கெட் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். சர்வரிலிருந்து கழற்றி விற்கப்படும் பழைய நெட்வொர்க் கார்டுகள் பலவற்றில் நீளப் பட்டைதான் இருக்கும். பலகை மட்டும் குட்டையாக இருக்கும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, பட்டையை மெதுவாக இழுத்தால் போர்ட் வாயிலிருந்து அது நழுவி வரும். போர்ட்டைச் சுற்றி மெல்லிய தகர நாக்குகள் இருக்கும், அவை மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டைப் பட்டையைப் போட்டு அதே ஸ்க்ரூவை முடுக்கினால் வேலை முடிந்தது. "சின்ன ப்ராக்கெட் கூட இருக்கா?" என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் தனியாகத் தேடினால் அந்த மாடலுக்கு என்றே கிடைப்பது கஷ்டம், துளைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

லேன் கணக்கு

ஸ்லாட்டுக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். அதில் டேட்டா போகும் தடங்களை லேன் என்பார்கள்; நெட்வொர்க்கைக் குறிக்கும் லேன் வேறு. எக்ஸ்1 என்றால் ஒரு லேன். எக்ஸ்4, எக்ஸ்8, எக்ஸ்16 என்று அப்படியே கூடும். இரண்டாம் தலைமுறையில் ஒரு லேனில் நொடிக்கு 500 மெகாபைட் போகும். மூன்றாம் தலைமுறையில் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். நான்காவதில் அதைப்போல இரண்டு மடங்கு.

நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பார்க்க எக்ஸ்16 மாதிரி நீளமாக இருக்கும் ஸ்லாட்டுக்குள் நான்கு லேன் மட்டுமே வயர் செய்திருப்பார்கள். மேனுவலைப் பாருங்கள், அல்லது டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் உலோக ஊசிகள் எதுவரை போகின்றன என்று பாருங்கள்.

மறுபக்கம், லேன் குறைவு என்றால் கார்டு வேலை செய்யாது என்று பயப்படவும் வேண்டாம். நான்கு போர்ட் உள்ள இன்டெல் ஐ350 கார்டு இரண்டாம் தலைமுறை, நான்கு லேன் கேட்கும். ஒரு ஜிகாபிட் போர்ட் என்பது நொடிக்கு 125 மெகாபைட்; நான்கும் முழு வேகத்தில் ஓடினால்கூட 500. ஒரே லேன் கொடுத்தாலும் ஏறக்குறைய தாங்கும். லாட்ஜுக்கு வரும் லைன் 200, 300 எம்பிபிஎஸ் என்றால் வித்தியாசமே தெரியாது. பிரச்சினை என்னவென்றால் எக்ஸ்4 கார்டு எக்ஸ்1 ஸ்லாட்டில் நுழைய, ஸ்லாட்டின் பின்முனை திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் சிலர் சூடான கத்தியால் அந்தப் பிளாஸ்டிக்கை அறுப்பார்கள். பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஸ்லாட் தீர்ந்துவிட்டால் எம்.2 இருக்கிறது. எஸ்எஸ்டி போடும் எம்.2 இடம் பெரும்பாலும் நான்கு லேன் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான். அதை நிஜ ஸ்லாட்டாக மாற்றும் ரிப்பன் கேபிள் அடாப்டர்கள் விற்கிறார்கள். ஆனால் எம்.2 கொடுப்பது 3.3 வோல்ட் மட்டும், பெரும்பாலான கார்டுகளுக்கு 12 வோல்ட் வேண்டும். ஆகவே பவர் சப்ளையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டியிருக்கும். வைஃபை கார்டு உட்காரும் சின்ன எம்.2 இடத்திலும் வழக்கமாக ஒரு லேன் உண்டு. அதில் பொருந்தும் 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு கிடைக்கிறது. போர்ட்டை ஒரு ரிப்பனால் இழுத்து, பெட்டியின் பின்பக்கம் காலியாக இருக்கும் சீரியல் போர்ட் துளையில் பொருத்தலாம். மிகச் சின்னப் பெட்டிக்காரர்களுக்கு இது நல்ல தந்திரம்.

பைஃபர்கேஷன் என்று ஒரு சொல்லும் காதில் விழும். ஒரு எக்ஸ்16 ஸ்லாட்டை எட்டு எட்டாகவோ நான்கு நான்காகவோ பிரித்து, ஒரே ஸ்லாட்டில் பல கார்டு போடுவது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த வசதி இருந்தால் மட்டுமே நடக்கும். கம்பெனிகள் கழித்த டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இருக்காது. இருக்கும் என்று நம்பி ரைசர் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் யாரும் பார்க்காத ஒன்று

இதுவரை சொன்னது எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். இனி வருவதை அவர் சொல்ல மாட்டார்.

கார்டைப் போட்டாகிவிட்டது, பிராக்ஸ்மாக்ஸுக்கும் தெரிகிறது. இப்போது அதை ஃபயர்வால் மெஷினிடம் நேரடியாக ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர். ஒப்படைத்த பிறகு அந்தக் கார்டு பிராக்ஸ்மாக்ஸுக்குச் சொந்தமில்லை. ஃபயர்வால்தான் அதன் டிரைவரைப் போட்டு நேராகப் பேசும்.

நிஜமான கார்டு ஒன்று கணினியின் ரேமில் தானே நேரடியாக எழுதும் உரிமை பெற்றது. ஒரு மெஷினிடம் கொடுத்த கார்டு பக்கத்து மெஷினின் ரேமில் எழுதினால் என்ன ஆவது? அதைத் தடுக்கும் காவல்தான் ஐஓஎம்எம்யூ. இன்டெல்லில் இதன் பெயர் விடி-டி. விர்ச்சுவல் மெஷின் ஓட மட்டும் வேண்டிய விடி-எக்ஸ் வேறு, இது வேறு. பயாஸில் இரண்டையும் இயக்க வேண்டும். பழைய இன்டெல்லில் ஒரு வேடிக்கை உண்டு: கூடுதல் காசு கொடுத்து வாங்கிய 2600கே, 3770கே, 4770கே ப்ராசசர்களில் விடி-டி கிடையாது. அதே காலத்துச் சாதாரண 2600, 3770, 4770-இல் இருந்தது.

இந்தக் காவல் கார்டு கார்டாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, குழுவாகப் பார்க்கிறது. ஒரே குழுவில் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று காவலுக்குத் தெரியாமல் பேசிக்கொள்ள முடியும் என்பதால், மொத்தக் குழுவையும் ஒரே மெஷினிடம்தான் கொடுக்க முடியும். கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலம் மாதிரி: உட்பிரிவு ஆகாமல் ஒரு மூலையை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. உங்கள் புதிய நெட்வொர்க் கார்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் ஒரே குழுவில் விழுந்தால், கார்டை ஒப்படைக்கும் கணத்தில் பிராக்ஸ்மாக்ஸ் தன் டிஸ்க்கையே இழந்து அப்படியே நின்றுவிடும்.

எது எந்தக் குழுவில் விழும் என்பதைத் தீர்மானிப்பது கார்டு அல்ல, போர்டும் ப்ராசசரும் ஸ்லாட்டும்தான். ப்ராசசரிலிருந்து நேராக வரும் ஸ்லாட்டில் ஒரே ஒரு கார்டு என்றால் பெரும்பாலும் தனிக் குழு கிடைக்கும். அதே ப்ராசசர் ஸ்லாட்டை இரண்டாகப் பிரித்தால், பல இன்டெல் டெஸ்க்டாப்களில் இரண்டு கார்டும் ஒரே குழுவில் மாட்டிக்கொள்ளும். சிப்செட், அதாவது போர்டில் ப்ராசசருக்குத் துணையாக இருக்கும் சிப், வழியாக வரும் ஸ்லாட்டுகள் போர்டுக்குப் போர்டு மாறும். பைஃபர்கேஷன் மீது எனக்குப் பெரிய ஆர்வம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல செய்தி, இதைக் கார்டு வாங்கும் முன்பே பாதி சோதித்துவிடலாம். விடி-டியை இயக்கி, பிராக்ஸ்மாக்ஸை நிறுவி, ஏதாவது ஒரு விர்ச்சுவல் மெஷினின் ஹார்டுவேர் பக்கத்தில் பிசிஐ சாதனம் சேர்க்கும் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு சாதனத்தின் பக்கத்திலும் அதன் குழு எண் இருக்கும். பிராக்ஸ்மாக்ஸ் பழைய பதிப்பு என்றால், லினக்ஸ் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யூவை இயக்கும் கட்டளையைச் சேர்த்த பிறகே எண் தெரியும். நண்பரிடமிருந்து ஏதோ ஒரு பழைய கார்டை ஒரு மணி நேரம் கடன் வாங்கி ஒவ்வொரு ஸ்லாட்டிலும் குத்திப் பார்த்தால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும். காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. யாரிடமாவது ஒன்று கிடக்கும்.

குழு பிரியவில்லை என்றால் ஏசிஎஸ் ஓவர்ரைடு என்று ஒரு வழி சொல்வார்கள். பிராக்ஸ்மாக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் எல்லாம் தனித்தனிக் குழுவாகத் தெரியும். ஆனால் இது சர்வேயர் வராமல் நாமே கல் நட்டுக்கொள்வது. உள்ளே தடுப்பு எதுவும் புதிதாக முளைக்கவில்லை. விளையாட்டுக்கு வைத்திருக்கும் வீட்டுக் கணினியில் செய்யுங்கள். ஊர் பேர் தெரியாத முப்பது பேரின் போன் இணையும் ஃபயர்வாலில் வேண்டாம்.

பாஸ்த்ரூவுக்கு இன்னொரு விலை ரேம். சாதாரண மெஷினுக்கு 4 ஜிபி என்று சொன்னாலும் அது பயன்படுத்தும்போதுதான் எடுத்துக்கொள்ளும். கார்டு ஒப்படைத்த மெஷின், தொடங்கும்போதே முழுவதையும் பிடித்துப் பூட்டிவிடும். 16 ஜிபி பெட்டியில் இது உறைக்கும்.

ஐ350 மாதிரியான கார்டில் எஸ்ஆர்-ஐஓவி வசதியும் உண்டு. ஒரு போர்ட்டை ஏழு குட்டிக் கார்டுகளாகக் காட்டி ஏழு மெஷினுக்குத் தரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. லாட்ஜுக்குத் தேவையில்லை, பிரிட்ஜே போதும்.

சூடு

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத ரிசப்ஷனில், கதவு போட்ட கவுண்டர் அறைக்குள் வைத்த பெட்டியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எஸ்எஃப்எஃப் பெட்டியில் காற்று முன்பக்கம் நுழைந்து ப்ராசசர் வழியாகப் பின்பக்கம் போகும்படி அமைத்திருப்பார்கள். கார்டு இருக்கும் மூலைக்கு மிச்சம் மீதிதான்.

ஐ350 போன்ற ஜிகாபிட் கார்டு இதைச் சமாளிக்கும். டிஸ்க்குகளை இணைக்கும் எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு சமாளிக்காது. அது சர்வருக்குள் ஊதும் காற்றை நம்பிச் செய்யப்பட்டது. ஹீட்சிங்க் உண்டு, ஃபேன் கிடையாது. கை வைத்தால் சுடும். அதன் ஹீட்சிங்க் மேல் ஒரு 40 மில்லிமீட்டர் ஃபேனைக் கட்டாமல் கோடையைத் தாண்ட வைக்காதீர்கள். சாதாரண நெட்வொர்க் வயர் குத்தும் பழைய 10 ஜிகாபிட் கார்டுகளும் இதே ரகம்.

மின்சாரக் கணக்கும் இதோடு சேர்ந்தது. எக்ஸ்16 ஸ்லாட் விதிப்படி 75 வாட் வரை தரலாம். ஆனால் எஸ்எஃப்எஃப் பெட்டிகளின் பவர் சப்ளையே 200 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும், கூடுதல் வயரும் வராது. சில மாடல்களில் ஸ்லாட்டுக்கு 75-ஐவிடக் குறைவாகவே அனுமதிப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் என்விடியா குவாட்ரோ பி400 (30 வாட்), பி1000 (47 வாட்), டி1000 (50 வாட்) மாதிரி குட்டைக் கார்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கேமரா வீடியோவைப் பிரித்துப் பார்க்க இன்டெல் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும். அதை விர்ச்சுவல் மெஷினிடம் முழுதாக ஒப்படைக்கக்கூடத் தேவையில்லை. கேமரா மென்பொருளை கன்டெய்னரில் (பிராக்ஸ்மாக்ஸின் கெர்னலையே பகிர்ந்து ஓடும் தனி அறை மாதிரி) ஓட்டினால் பகிர்ந்து பயன்படுத்தலாம். முழுதாக ஒப்படைத்தால் பிராக்ஸ்மாக்ஸின் திரை இருட்டாகிவிடும். என்விடியா ஜீஃபோர்ஸ் கார்டுகளை விண்டோஸ் மெஷினுக்குக் கொடுப்பதை அந்த நிறுவனமே 2021-இல்தான் அனுமதித்தது. பழைய ஏஎம்டி ரேடியான்கள் சிலவற்றில், மெஷினை ஒருமுறை நிறுத்தினால் கார்டு மறுபடி எழாமல் மொத்தப் பெட்டியையும் ரீபூட் செய்ய வேண்டிவரும். லாட்ஜில் யார் அதற்கு மாடியிலிருந்து இறங்கி வருவது?

நெட்வொர்க் கார்டு வாங்கும்போது இன்டெல் பெயர் போட்ட போலிகள் சந்தையில் நிறைய என்பதையும் மனதில் வையுங்கள். புத்தம் புதியது, பாதி விலை என்றால் சந்தேகப்படலாம். சர்வரில் ஓடிக் கழித்த அசல் கார்டு அதைவிட மேல்.

கார்டு போட்ட அன்று

திரையும் கீபோர்டும் இணைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். புதிய கார்டு உள்ளே போனதும் மற்ற சாதனங்களின் முகவரி எண் மாறலாம். லினக்ஸ் அந்த எண்ணை வைத்துத்தான் நெட்வொர்க் போர்ட்டுக்குப் பெயர் வைக்கிறது. நேற்று பெயருக்குள் இரண்டு என்று இருந்த எண் இன்று மூன்று என்று ஆகிவிடும். பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் திறக்காது. கார்டு கெட்டுப்போனது என்று நினைத்துக் கழற்றுவார்கள், உடனே எல்லாம் சரியாகிவிடும், கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உண்மையில் திரையில் உள்நுழைந்து, நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் புதிய பெயரை மாற்றி எழுதினால் முடிந்தது.

பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் போர்ட்டை பிராக்ஸ்மாக்ஸுக்கே விட்டுவிடுங்கள். கார்டில் இருக்கும் போர்ட்டுகளை மட்டும் ஃபயர்வாலுக்குக் கொடுங்கள். ஃபயர்வால் தகராறு செய்யும் நாளில் உள்ளே நுழைய ஒரு வாசல் இருக்கும். பெட்டி தொடங்கியதும் ஃபயர்வால் முதலில் எழும்படி பூட் வரிசையை வையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு மற்ற மெஷின்கள் இன்டர்நெட் இல்லாமல் விழிக்காது. அப்புறம் பின்பக்கம் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே மார்க்கரால் எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்: முதல் லைன், இரண்டாவது லைன், ஸ்விட்ச். கூட்டிப் பெருக்கும்போது பிடுங்கிய வயரை ராத்திரி ஷிஃப்ட் பையனே சரியான துளையில் குத்திவிடுவான்.